பறவை எந்தப் பக்கம்?

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் கதவில் தொங்கும் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தேன். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள் பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர். காபி. பேப்பர். பிறகு, ஞாயிறு தவறாமல் செய்யும் வேலை — குளியலறைக் கண்ணாடி முன் நின்று, சின்னக் கத்தரிக்கோலால் மீசையை ஒழுங்கு செய்வது.

இந்தப் பக்கத்தின் மேல் மூலையில் இருக்கும் புகைப்படத்தை வாராவாரம் பார்க்கிறவர்களுக்கு அந்த மீசையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. கல்லூரிக் கடைசி வருடத்தில் வைத்தது. மேலுதட்டை முழுசாக மூடி, கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும். ஓரங்களை மட்டும்தான் வெட்டுவேன். அடர்த்தியில் கை வைப்பதில்லை.

"கொஞ்சம் நல்லாத்தான் வெட்டுங்களேன். வாய் எங்க இருக்குன்னே தெரியலை." கதவருகே நின்று கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி சொன்னாள் எஸ்தர். என் மனைவி.

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்றேன், கத்தரிக்கோலுக்குப் பின்னாலிருந்து.

"என்னது?"

"ஒண்ணுமில்லை."

எட்டு மணிக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சர்ச்சில் ஆராதனை. முடித்துத் திரும்பி, தோசை சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து வெளியே கிளம்புவது இந்த வருடம்தான் சாத்தியமாகியிருக்கிறது. அதற்கு முன்பெல்லாம் ஞாயிறு காலை எஸ்தர் எனக்குச் சொந்தமில்லை. காக்ஸ் டவுனில் அவள் பிறந்து வளர்ந்த தெருவிலிருக்கும் சர்ச்சுக்குச் சொந்தம். பாவாடை சட்டை வயதிலிருந்து அங்கே பாடகர் குழுவில் பாடியவள். கல்யாணமாகி, மகள் பிறந்து, நாங்கள் எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மென்ட்டுக்கு வந்த பிறகும் சனிக்கிழமை மாலை ஒத்திகைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வருவாள்.

இந்த ஈஸ்டரோடு நிறுத்திவிட்டாள். தொண்டை ஒத்துழைக்கவில்லை என்றாள். பாவம்தான். ஆனால் உண்மையைச் சொல்கிறேன் — ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்ததில் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்.

அன்று நாங்கள் கிளம்பியது எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சிக்கு. காரணம், எங்கள் வீட்டு டிவி.

போன வருடம் வாங்கியது. புத்தக அட்டை மாதிரி மெலிசு. படம் பிரமாதம். சீரியல் நாயகியின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிவிடலாம். ஆனால் சத்தம்?

"சத்தம் வருதுங்க. பேச்சு வரலை" என்பாள் எஸ்தர். ரிமோட்டை எடுத்து ஏற்றுவாள். நான் குறைப்பேன். நான் குளிக்கப் போனால் மறுபடி ஏறியிருக்கும். வேலை முடிந்து வரும்போது, லிஃப்ட் எங்கள் மாடிக்கு வருவதற்கு முன்பே அன்றைய எபிசோடில் யார் அழுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கீழ் வீட்டு நாகராஜப்பா நல்ல மனிதர். சண்டைக்கு வரவில்லை. ஒருநாள் லிஃப்டில் பார்த்தபோது அவருடைய கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "சார், நம்ம மனேல டிவி ரிப்பேரு. பரவாயில்லை, உங்க டிவியே போதும். நேத்து அந்த மாமியார் பால்ல என்ன கலந்தா, அது ஒண்ணுதான் சரியா கேக்கலை."

நான் பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். இயந்திர உதிரிபாகங்களை அளந்து, சரியா தவறா என்று சொல்வது வேலை. ஒரு பொருள் சரியில்லை என்றால் காரணம் தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. தேடினேன். கிடைத்தது. மெலிசான டிவிகளில் ஸ்பீக்கருக்கு இடமில்லை. அதனால் கீழ்ப்பக்கமாக வைத்துவிடுகிறார்கள். சத்தம் நம்மிடம் வராமல் மேசையில் முட்டிச் சிதறுகிறது. இசையும் இடியும் கேட்கும், பேச்சு மட்டும் குழம்பும். நிபுணர்கள் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். எஸ்தர் சொன்னதும் அதேதான் — சத்தம் வருது, பேச்சு வரலை.

காரணம் கிடைத்துவிட்டால் என்னைப் போன்ற ஆளுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹாலை டேப் வைத்து அளந்தேன். சோஃபாவுக்கும் டிவிக்கும் இடைவெளி, பால்கனிக் கண்ணாடிக் கதவின் அகலம், திரைச்சீலை எந்தப் பக்கம், கூரை உயரம்... எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் படமாக வரைந்து சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டேன்.

மெட்ரோவில் மஞ்சள் லைன். ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி, ஏறக்குறைய கடைசி வரை போக வேண்டும். பச்சை லைனில் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. எஸ்தர் எதிர் இருக்கையில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச காலமாகவே அப்படித்தான். சாப்பாட்டு மேசையிலும் என் பக்கத்து நாற்காலியை விட்டு எதிர் நாற்காலிக்கு மாறியிருந்தாள். வயது ஏற ஏறத் தம்பதிகளுக்குக் கொஞ்சம் தூரம் தேவைப்படும் போலிருக்கிறது என்று நானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். கேட்கவில்லை. இதையெல்லாமா கேட்பார்கள்?

வழியில் அவள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. படித்துவிட்டு எழுந்து வந்து என்னிடம் திரையைக் காட்டினாள். காக்ஸ் டவுன் பாடகர் குழுவை நடத்தும் வில்சன் சார். கிறிஸ்துமஸ் ஒத்திகை ஆரம்பிக்கிறது, ஆல்ட்டோ வரிசையில் எஸ்தரின் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை, வருவாயா மாட்டாயா என்று இன்றைக்குள் ஒரு வார்த்தை சொல் என்று எழுதியிருந்தார்.

ஆல்ட்டோ என்பது மெட்டுக்குக் கீழே இருந்து அதைத் தாங்குகிற குரல். கேட்பவர்கள் காதில் தனியாக விழாது. இல்லாமல் போனால் மட்டும் தெரியும்.

"என்ன சொல்லப்போறே?"

"பார்க்கலாம். தொண்டை எப்படி இருக்குன்னு." போனைப் பையில் போட்டுவிட்டு எதிர் இருக்கைக்கே திரும்பிவிட்டாள்.

கண்காட்சியைப் பற்றி விலாவாரியாக எழுதத்தான் உத்தேசித்திருந்தேன். ஆள் உயர ஸ்பீக்கர்கள். சுவரோடு ஒட்டினாற்போல் நின்று சுவர் முழுக்கப் படம் காட்டும் புரொஜெக்டர். கார் விலையில் ஒரு இசைத்தட்டு பிளேயர் — அதைச் சுற்றி நின்றவர்கள் கோயில் கருவறை முன் நிற்பதுபோல் கைகட்டி நின்றார்கள். படத்தில் வெடி வெடித்தால் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துக் குலுக்கும் சோஃபா. அதில் உட்கார்ந்த ஒருவர் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இஎம்ஐ இருக்கா?" என்று கேட்டார். இடுப்புக்கா சோஃபாவுக்கா, தெரியவில்லை.

ஒரு ஸ்டாலில் தடுப்புகள் வைத்து, கதவு போட்டு, ஒரு சின்ன அறையே கட்டியிருந்தார்கள். உள்ளே மூன்று வரிசை இருக்கைகள். பதினைந்து பேர் உட்காரலாம். நான்கு பக்கமும் ஸ்பீக்கர், கூரையிலும் ஸ்பீக்கர். டெமோ காட்டிய பெண்ணின் கழுத்து அட்டையில் வினுதா என்று இருந்தது. முப்பது வயதிருக்கும். கூட்டத்துக்கு ஆங்கிலத்தில், முன்வரிசைக்குக் கன்னடத்தில், எங்களிடம் தமிழில் — மூச்சு விடாமல் மாறி மாறிப் பேசினாள்.

முதலில் நடு வரிசையின் நடு இருக்கையில் ஒரு மைக்கை வைத்தாள். சின்ன முக்காலி மேல், ஆள் உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில். ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒரு ஊளை மாதிரி ஒலி கிளம்பி மேலேறி முடிந்தது.

"இப்போ இந்த மைக்தான் உங்க காது. ரூம்ல என்ன குறை இருந்தாலும் இது கண்டுபிடிச்சிடும். சிஸ்டம் தானா அதைச் சரி பண்ணிக்கும்."

இதற்காகத்தானே வந்தேன்! காகிதத்தை வெளியே எடுத்தேன். "ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு இருந்தா?"

"அட்ஜஸ்ட் பண்ணிக்கும் சார்."

"எதிர்ப்பக்கம் மட்டும் கனமான திரை?"

"அதுவும் ஆகும்."

"சோஃபா நடுவில் இல்லாமல் ஒன்றேகால் அடி தள்ளி..."

"இவர் ரூம்ல இருந்தா?" என்றாள் எஸ்தர்.

அறையே சிரித்தது. வினுதா அசரவில்லை. "அதுக்கு இன்னும் அப்டேட் வரலை ஆன்ட்டி. நீங்க வாங்க, இந்த நடு சீட்ல உட்காருங்க. பெஸ்ட் சவுண்ட் இங்கதான்."

மைக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஸ்தரை உட்கார வைத்தாள். நான் அவளுக்கு இடப்பக்கம்.

விளக்கு மங்கியது. திரையில் காடு. தூரத்தில் இடி உருண்டது. அது தரை வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தது. எஸ்தர் என் கையைப் பிடித்தாள். "அம்மாடி!" என்றாள். குழந்தை மாதிரி முகம். மழை வந்தது, நின்றது. வாங்கிவிடலாம் என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் முடிவு செய்தேன்.

"இப்போ ஒரு சின்ன கேம்" என்றாள் வினுதா. "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. ஒரு பறவை கூப்பிடும். அது எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்குன்னு விரலை நீட்டிக் காட்டணும். நான் சொல்ற வரைக்கும் கண்ணைத் திறக்கக் கூடாது."

மூடினோம். கொஞ்ச நேரம் இலைகளில் நீர் சொட்டும் ஒலி மட்டும். பிறகு, இடப்பக்கம் பின்னாலிருந்து, மெல்லிசாக, ஊசி முனை மாதிரி ஒரு குரல். விரலை நீட்டினேன். சரியாகத்தான் நீட்டியிருக்கிறேனா? அளக்கிறவன் புத்தி. கண்ணை ஒரு கீற்றுத் திறந்து மற்றவர்கள் விரல்களைப் பார்த்தேன். எல்லா விரல்களும் நான் காட்டிய பக்கம்தான்.

எஸ்தரின் விரல் மட்டும் மடியில் இருந்தது.

அவள் கண்கள் திறந்திருந்தன. முன்வரிசையில் நீண்டிருந்த கைகளைப் பார்த்தாள். பிறகு தன் விரலை அதே திசையில் நீட்டினாள். லேசாகச் சிரித்துக்கொண்டாள்.

விளையாட்டாக ஏமாற்றுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாவது பறவை, வலப்பக்கம் முன்னால். மறுபடியும் அவள் விரல்தான் கடைசி. கைகளைப் பார்த்த பிறகு.

மூன்றாவது பறவை கூரையில் உட்கார்ந்து கூப்பிட்டது. எல்லா விரல்களும் மேலே போயின — எஸ்தருக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கனத்த மனிதரைத் தவிர. அவர் குழம்பிப்போய் வாசல் கதவைக் காட்டினார். எஸ்தருக்கு எதிரே நன்றாகத் தெரிந்த கை அவருடையது மட்டும்தான்.

அவளும் வாசல் கதவைக் காட்டினாள்.

"கண்ணைத் திறங்க, கண்ணைத் திறங்க!" வினுதாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அந்த சாருக்கும் ஆன்ட்டிக்கும் மட்டும் பறவை டோர் வழியா வெளியே போயிடுச்சு!"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தரும் சிரித்தாள். எல்லோரும் சிரிக்க ஆரம்பித்ததைப் பார்த்த பிறகு.

வினுதாமேல் எந்தத் தவறும் இல்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? கூடவே வாழ்கிற எனக்கே தெரியவில்லை.

வெளியே வந்தோம். கூட்டத்தில் எஸ்தர் எனக்கு நான்கடி முன்னால் நடந்தாள். "எஸ்தர்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. சுற்றிலும் அத்தனை ஸ்டால்களின் சத்தம் — யாருக்கும் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையில் சந்தேகம் வந்தால் ஒரு முறைக்கு மூன்று முறை சோதிப்பேன். அன்று இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பாட்டுப் பகுதியில் பிசிபேளேபாத் வாங்கினோம். எதிரே உட்கார்ந்தாள்.

"வாங்கலையா? அவ்வளவு கேள்வி கேட்டீங்க?"

"யோசிக்கலாம்."

"காசைப் பார்க்காதீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. இடி பிரமாதம்."

பறவையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும்.

திரும்பும் ரயிலில், எதிர் இருக்கையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். பச்சை லைன் பாதி தூரம் வந்திருக்கும். எழுந்து வந்து எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்றாள்.

"அந்த ரூம்ல நீங்க கண்ணைத் திறந்துட்டீங்க."

என் சாட்சியமே இல்லாமல் அவளுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி? வினுதாவை விட்டால், அறையில் கண் திறந்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தானே.

"ஆமா" என்றேன்.

"ஃப்ராடு" என்றாள். சிரிக்க முயன்றாள். அதற்குமேல் ரயில் இரைச்சலில் பேச முடியாது. ஆர்.வி. ரோட்டில் இறங்கி மஞ்சள் லைனுக்கு மாறினோம்.

வீட்டுக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. அவள் சாப்பாட்டு மேசைக்கு மேலே இருக்கும் விளக்கைப் போட்டாள். வெளியே நல்ல வெளிச்சம் இருந்தது. இந்தப் பகல் விளக்குக்காகவும் நான் அவளிடம் கரண்ட் பில் பற்றிப் பேசியிருக்கிறேன்.

"உட்காருங்க. இங்க, எதிர்ல."

உட்கார்ந்தேன்.

"ரெண்டு வருஷமாச்சு. முதல்ல குக்கர் விசில். அப்புறம் காலிங் பெல். அப்புறம் ஷீபா போன்ல பேசறது." ஷீபா எங்கள் மகள். புனேயில் வேலை. "வீடியோல வாடி, முகத்தைப் பார்க்கணும்னு சொன்னேன். அம்மாவுக்குப் பாசம் ஜாஸ்தின்னு அது நினைச்சுக்கிச்சு. எனக்கு அதோட வாயைப் பார்க்கணும், அவ்வளவுதான்."

"டாக்டர்கிட்ட..."

"போனேன். ஈஸ்டர் முடிஞ்ச வாரம். டெய்லர்கிட்ட போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னைக்கு. கீழ் ஸ்தாயி நல்லா இருக்காம். மேல போகப் போக இல்லையாம். அதான் இடி கேக்குது, பறவை கேக்கலை. ஆம்பளைங்க குரல் கேக்கும். ஆனா ச, த, க எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் ஊங்காரம்தான் வரும்."

சத்தம் வருது, பேச்சு வரலை.

"மெஷின் வச்சுக்கோங்கன்னாங்க. அங்கேயே ஒண்ணு மாட்டிவிட்டாங்க. பேசறது கேட்டுச்சு. நிஜமாவே கேட்டுச்சுங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா போன்ல நம்ம சர்ச் ஆர்கன் ரெக்கார்டிங் போட்டுப் பார்த்தேன்... தகரத்தைத் தரையில இழுக்கிற மாதிரி இருந்துச்சு. பேச்சுக்குப் பழகிடும் மேடம்னாங்க. பாட்டுக்குன்னு கேட்டேன். 'ட்ரை பண்ணலாம்'னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "டாக்டருங்க ட்ரை பண்ணலாம்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்போ தொண்டை?"

"தொண்டைக்கு என்ன? அது நல்லாத்தான் இருக்கு. ஈஸ்டர் அன்னைக்கு நான் சுருதி விட்டுப் பாடியிருக்கேன். எனக்குத் தெரியவே இல்லை. என் குரல் எனக்கு உள்ளுக்குள்ள கேக்குது. பக்கத்துல நிக்கிறவங்க குரல் கேக்கலை. அவங்களைக் கேட்டுத்தானே நான் நிக்கணும்? வில்சன் சார் ஆர்கன்ல இருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. திட்டலை. திட்டியிருந்தாப் பரவாயில்லை."

கடைசியில் எல்லாக் கணவர்களும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் நினைச்சேன். நீங்கதான் டிவி மேல குத்தம்னு கண்டுபிடிச்சிட்டீங்களே. அவ்வளவு நிச்சயமா சொன்னீங்க. ஸ்பீக்கர் கீழ இருக்கு, மேசையில முட்டுதுன்னு படமெல்லாம் வரைஞ்சு காட்டினீங்க. எனக்கும் அது வசதியா இருந்துச்சு. டிவிதான் கெட்டுப்போச்சுன்னு நானும் கொஞ்ச நாள் நம்பிட்டுப் போறேனேன்னு விட்டுட்டேன்."

நான் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை.

"என்னது?"

"ஒண்ணு..."

"ஒண்ணுமில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க." அன்று அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். "கேக்காததுகூடப் பரவாயில்லை. 'என்னது'ன்னு கேட்டா, உடனே 'ஒண்ணுமில்லை'ன்னுடறீங்க. நீங்க, ஷீபா, கடைக்காரன், எல்லாரும். எல்லாரும் என்னமோ பேசிட்டு, எனக்கு மட்டும் ஒண்ணுமில்லைன்னுட்டுப் போயிடறீங்க."

அன்று காலை, கண்ணாடி முன்னால், கத்தரிக்கோலும் கையுமாக நான் சொன்ன வார்த்தையும் அதுதான். ஒரு நாளில் அந்த வார்த்தையை எத்தனை முறை சொல்கிறோம்? என்னிடம் கேட்டால், தெரியாது. அளந்ததில்லை.

வீட்டில் ஏதோ ஒன்று சரியில்லை என்றால் நாம் முதலில் பொருளைத்தான் சந்தேகப்படுகிறோம். ஸ்பீக்கரை மாற்றுகிறோம், விளக்கை மாற்றுகிறோம், மெத்தையை மாற்றுகிறோம். பொருள் கெட்டுப்போனால் கடைக்குப் போகலாம், உத்தரவாத அட்டை காட்டலாம், விலை பேசலாம். அதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. ஹாலின் நீளம், அகலம், உயரம், திரைச்சீலை எல்லாவற்றையும் அளந்த நான், அந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறவளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை. அவளோ, என்னை விட்டு விலகி உட்காரவில்லை. என் வாயைப் பார்ப்பதற்காக எதிரே வந்து உட்கார்ந்திருந்தாள்.

எஸ்தர் போனை எடுத்தாள். வில்சன் சாருக்குப் பதில். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். பிறகு அனுப்புவதற்கு முன் என் பக்கம் திருப்பிக் காட்டினாள். 'சார், இந்த கிறிஸ்துமஸுக்கு நான் மேலே வரவில்லை. கீழே உட்கார்ந்துகொள்கிறேன். என் இடத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.'

காக்ஸ் டவுன் சர்ச்சில் பாடகர் குழு நிற்பது மாடத்தில். சின்னப் பெண்ணாக மரப்படி ஏறிப் போனவள்.

"அவசரப்படாதே. மெஷின் வச்ச பிறகு பார்த்துட்டு..."

"என் இடம் காலியா இருந்தா நான் மாடிப்படியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். வேணாம்." அனுப்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமைக்குக் காது டாக்டரிடம் நேரம் வாங்கினோம். நானும் வருகிறேன் என்றேன்.

"வாங்க. ஆனா டேப்பை எடுத்துக்கிட்டு வராதீங்க."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்துபோய் டிவியைப் போட்டாள். சத்தமே வைக்கவில்லை. படம் மட்டும் ஓடியது. சேர்ந்து பார்த்தோம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் அவ்வப்போது, "அவ பொய் சொல்றா, பாருங்க, உதடு எப்படிப் போகுதுன்னு" என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டில் நாகராஜப்பா என்ன ஆயிற்றோ என்று பயந்திருப்பார்.

இந்தப் பத்தியை எஸ்தர் படித்துவிட்டாள். போடலாம் என்றாள். ஷீபாவிடமும் அவளே பேசிவிட்டாள், வீடியோவில். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள். வாசல் கதவைக் காட்டிய அந்த மனிதரின் சட்டை நீலம் என்று நான் எழுதியிருந்தேன். பச்சை என்றாள். எனக்கு நீலம் என்றுதான் ஞாபகம். ஆனால் என் கண் கீற்றளவுதான் திறந்திருந்தது. அவள் கண் முழுசாகத் திறந்திருந்தது. சட்டையின் நிறத்தையே எடுத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு மறுநாள், திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டை எடுக்கவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய் விளக்கைப் போட்டு, கத்தரிக்கோலால் முதலில், ரேஸரால் பிறகு, மீசையை முழுசாக எடுத்தேன்.

மேல் மூலையில் இருக்கும் புகைப்படத்தை மாற்ற வேண்டும் என்று ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன்.